கானாவும் ஜப்பானும்: ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு 'உதவுவது' எப்படி நடக்கிறது?

2004 முதல் 2024 வரை வெளியிடப்பட்ட ஜப்பானின் ஆயிரம் யென் தாளில், கலைந்த தலைமுடியும் தடித்த மீசையுமாக ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹிதேயோ நொகுச்சி என்னும் நுண்ணுயிரியல் ஆய்வாளர் அவர். 1876இல் புகுஷிமா மாவட்டத்தில் ஏழை உழவர் வீட்டில் பிறந்து, குழந்தையாக இருந்தபோது அடுப்பு நெருப்பில் விழுந்து இடக்கை சிதைந்து, பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் உலகப் புகழ் பெற்றவர். அவர் உயிர் பிரிந்தது 1928 மே 21 அன்று, மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ரா நகரில். அன்று அந்த நிலப்பரப்பு 'கோல்டு கோஸ்ட்' என்னும் பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்தது. இன்று அது கானா.

ஒரு பணக்கார நாட்டுக்கும் ஒரு வளரும் நாட்டுக்கும் இடையிலான உறவைப் பற்றிச் செய்தித்தாள்களில் 'இருதரப்பு ஒத்துழைப்பு', 'வளர்ச்சி உதவி', 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்றெல்லாம் படிக்கிறோம். இச்சொற்களுக்குப் பின்னால் உண்மையில் என்ன நடக்கிறது, பணம் எந்த வழியில் போகிறது, யார் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதைக் கானா, ஜப்பான் என்ற இரு நாடுகளை வைத்தே விளக்கிவிடலாம். இதைவிடப் பெரிய தொகைகள் புழங்கும் உறவுகள் ஆப்பிரிக்காவில் உண்டு. ஆனால் கொடை, கடன், கடன் தள்ளுபடி, ஆய்வகம், சாலை, தொண்டர்கள், வணிகம் என இத்தகைய உறவின் அத்தனை வடிவங்களையும் ஒரே இடத்தில் காட்டும் எடுத்துக்காட்டு இதுபோல் எளிதில் கிடைப்பதில்லை.

ஒரு மரணத்திலிருந்து ஓர் ஆய்வகம் வரை

நொகுச்சி அக்ராவுக்கு வந்தது மஞ்சள் காய்ச்சலை ஆராய்வதற்காக. அந்நோய்க்குக் காரணம் ஒருவகைச் சுருள் நுண்ணுயிரி என்று அவர் தென் அமெரிக்காவில் செய்த ஆய்வுகளின் அடிப்படையில் அறிவித்திருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த மற்றவர்களுக்கோ அந்த நுண்ணுயிரி கண்ணில் படவே இல்லை. மாறாக, 1927இல் கோல்டு கோஸ்ட்டைச் சேர்ந்த அசிபி என்ற நோயாளியின் இரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திய ஆய்வாளர்கள், நோய்க்குக் காரணம் பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒரு வைரஸ் என்று காட்டிவிட்டனர். அந்த ஆய்வை நடத்திய ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு மஞ்சள் காய்ச்சலாலேயே இறந்தார். தன் கருத்தைத் தானே சரிபார்க்க 1927 நவம்பரில் வந்திறங்கிய நொகுச்சியும் அதே நோய்க்குப் பலியானார். அவருக்கு உதவிய பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் யங் சில நாட்களில் அவரைப் பின்தொடர்ந்தார். அசிபி பிழைத்துக்கொண்டார். அவர் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட வைரஸே பின்னர் மேக்ஸ் தெய்லர் என்னும் ஆய்வாளரின் கைகளில் இன்றும் உலகம் முழுவதும் போடப்படும் தடுப்பூசியாக மாறியது. நொகுச்சிக்கு யென் தாளும் நினைவுத் தோட்டமும் கிடைத்திருக்க, அசிபியின் பெயர் ஒரு வைரஸ் வகையின் பெயராக மட்டும் ஆய்வேடுகளில் தங்கிவிட்டது என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

இந்தக் கதை முழுவதிலும் ஜப்பான் அரசுக்கோ கானா அரசுக்கோ எந்தப் பங்கும் இல்லை. கானா என்ற நாடே அப்போது இல்லை. நொகுச்சி வேலை பார்த்தது ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு. ஆயினும் பிற்காலத்தில் இரு அரசுகளும் தங்கள் உறவைப் பேசும்போதெல்லாம் இவரிடமிருந்தே தொடங்குகின்றன. நாடுகளுக்கிடையிலான உறவுக்கு இப்படியொரு மூலக்கதை தேவைப்படுகிறது: நாடாளுமன்றத்தில் நிதி கேட்கவும், தம் மக்களுக்கு 'ஏன் அந்த நாடு?' என்று விளக்கவும் அது உதவுகிறது.

1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது. அதே மாதம் ஜப்பான் அதை அங்கீகரித்தது. ஒரு நாட்டை இன்னொரு நாடு அங்கீகரிப்பது என்பது 'உன்னோடு ஒப்பந்தம் போடலாம், உன் கையொப்பத்துக்கு மதிப்புண்டு' என்று ஒப்புக்கொள்வது. அதன் பிறகு இரு தலைநகரங்களிலும் தூதரகங்கள் திறக்கப்பட்டன. இது உறவின் முதல் அடுக்கு; இதை ராஜதந்திர உறவு என்கிறோம். தூதர்கள், தலைவர்களின் வருகைகள், ஐக்கிய நாடுகள் அவையில் ஒருவருக்கொருவர் அளிக்கும் வாக்குகள் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் அடுக்கு வளர்ச்சி ஒத்துழைப்பு. ஒரு நாட்டின் அரசு, வளரும் நாடொன்றின் பொருளாதார, சமூக மேம்பாட்டுக்காகக் கொடையாகவோ, சந்தையை விட மலிவான கடனாகவோ, நிபுணர்களின் உழைப்பாகவோ தருவது அது. படைக்கருவி விற்பதும் இதில் சேராது, தனியார் நிறுவனம் இலாபத்துக்காக முதலீடு செய்வதும் சேராது.

1957இல் ஜப்பானே உலக வங்கியில் கடன் வாங்கிக்கொண்டிருந்த நாடு. புகழ்பெற்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலின் முதல் பாதைக்கும் உலக வங்கிக் கடன் உண்டு. அந்தக் கடன்களையெல்லாம் அடைத்து முடித்தது 1990இல்தான். மறுபுறம், 1954இல் தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கான கொழும்புத் திட்டத்தில் சேர்ந்து ஆசிய நாடுகளுக்குப் பயிற்சியும் நிபுணர்களும் தரத் தொடங்கியிருந்தது. அதையே தன் வளர்ச்சி உதவியின் பிறந்தநாளாக ஜப்பான் இன்றும் கொண்டாடுகிறது. கடன் வாங்கிக் கட்டி, உழைத்து அடைத்து மேலே வந்த இந்த அனுபவம், பிறருக்கு உதவும்போதும் 'கடன் வாங்குபவன் பொறுப்போடு செலவிடுவான்' என்ற நம்பிக்கையாக ஜப்பானிய அதிகாரிகளிடம் படிந்துவிட்டது. அந்த நம்பிக்கை கானாவில் எப்படி இடறியது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1960களின் இறுதியில் புகுஷிமாவின் மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர்கள் கானாவின் மருத்துவப் பள்ளிக்கு வந்து பாடம் நடத்தினார்கள். அந்தத் தொடர்பின் விளைவாக, ஜப்பானின் கொடையில் 1979இல் அக்ராவின் லெகோன் பகுதியிலுள்ள கானா பல்கலைக்கழகத்தில் நொகுச்சி நினைவு மருத்துவ ஆய்வு நிறுவனம் எழுந்தது. கட்டடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அது இன்னொரு பாழடைந்த நன்கொடைக் கட்டடமாகவே முடிந்திருக்கும். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கே தங்கி வேலை செய்தார்கள். கானாவின் இளம் ஆய்வாளர்கள் ஜப்பான் சென்று முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்கள். வைரஸ் ஆய்வு, ஒட்டுண்ணியியல், ஊட்டச்சத்து எனத் துறைகள் ஒவ்வொன்றாக வளர்ந்தன. 1998இல் பர்மிங்காமில் நடந்த, எட்டுத் தொழில்வள நாடுகளின் குழுவான ஜி-8இன் மாநாட்டில், உலக அளவில் ஒட்டுண்ணி நோய்களைக் கட்டுப்படுத்தும் முயற்சியை அன்றைய ஜப்பானியப் பிரதமர் ஹஷிமோட்டோ முன்வைத்தபோது, அதற்கான மூன்று மையங்களில் ஒன்றாக இந்நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது; மற்ற இரண்டும் தாய்லாந்திலும் கென்யாவிலும் அமைந்தன. அதன் பின் பக்கத்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அலுவலர்கள் பயிற்சிக்காக அக்ராவுக்கு வரத் தொடங்கினார்கள். உதவி பெற்ற நாடு பிறருக்குக் கற்றுத்தரும் நாடாக மாறும் இந்த ஏற்பாட்டுக்கு 'மூன்றாம் நாட்டுப் பயிற்சி' என்று பெயர்.

கொடை என்றால் பணம் கையில் வராது

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. 'ஜப்பான் கானாவுக்கு இத்தனை கோடி யென் வழங்கியது' என்று செய்தி வந்தால், அத்தொகை கானாவின் கருவூலத்தில் சேர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஜப்பானின் வழக்கமான கட்டுமானக் கொடையில் அப்படி நடப்பதில்லை.

முதலில் கானா அரசு தன் தேவையைக் கோரிக்கையாக எழுதித் தர வேண்டும். இந்த உதவிகளை நடத்தும் ஜப்பானிய அரசு அமைப்பு தன் ஆய்வுக் குழுவை அனுப்பி, வரைபடமும் மதிப்பீடும் தயாரிக்கும். ஜப்பானிய அமைச்சரவை ஒப்புதல் தந்தபின் இரு அரசுகளும் கடிதங்களைப் பரிமாறிக்கொள்ளும். பின்னர் கொடை ஒப்பந்தம் கையெழுத்தாகும். கானா அரசு தன் பெயரில் ஜப்பானிய வங்கியொன்றில் கணக்குத் திறக்கும். வேலை முடிய முடிய, அந்தக் கணக்கிலிருந்து ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். ஆலோசகரும் முதன்மை ஒப்பந்ததாரரும் பெரும்பாலும் ஜப்பானிய நிறுவனங்களாகவே இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, யென் ஜப்பானிலிருந்து கிளம்பி ஜப்பானிய நிறுவனத்தையே சேர்கிறது; கானாவில் மிஞ்சுவது சாலையோ பள்ளியோ ஆய்வகமோ, அத்துடன் வேலை செய்த உள்ளூர்த் தொழிலாளர்களின் கூலி. நிலம் கையகப்படுத்துவது, மின்கம்பங்களையும் குடிநீர்க் குழாய்களையும் இடம் மாற்றுவது, வரி விலக்கை நடைமுறைப்படுத்துவது போன்றவை கானா அரசின் பொறுப்பு. இலவசத் திட்டங்கள் பலவும் தாமதமாவது பெரும்பாலும் இந்தச் 'சிறிய' பொறுப்புகளில்தான்.

தேமா நகரின் ரவுண்டானா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கானாவின் கடல்வழி வணிகத்தின் பெரும்பகுதி தேமா துறைமுகம் வழியாக நடக்கிறது. தலைநகரிலிருந்து வரும் நெடுஞ்சாலை, துறைமுகச் சாலை, கிழக்கே டோகோ எல்லைக்குச் செல்லும் சாலை எல்லாம் ஒரே வட்டத்தில் முட்டிக்கொண்டதால், சரக்கு லாரிகளும் பயணிகள் வண்டிகளும் மணிக்கணக்கில் நின்றன. சுமார் 5.7 கோடி டாலர் ஜப்பானியக் கொடையில் அங்கே கட்டப்பட்ட அடுக்குச் சந்திப்பு 2020 ஜூனில் திறக்கப்பட்டது. கட்டியது ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டமைப்பு. இதைக் குறை சொல்பவர்கள், 'இது உதவியா, ஜப்பானியக் கட்டுமான நிறுவனங்களுக்குக் கொடுத்த வேலையா?' என்று கேட்பார்கள். இரண்டும்தான். உலக அளவில் போட்டி ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கலாம். ஆனால் அந்த மலிவான சாலைக்குக் கொடை தர யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். உதவியை நிபந்தனையோடு தன் நாட்டு நிறுவனங்களுடன் கட்டிப்போடும் இந்த முறையை 'கட்டுண்ட உதவி' என்று துறை சார்ந்தவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இந்த வேலைகளை நடத்தும் ஜப்பானிய அமைப்பின் பெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. சென்னை மெட்ரோ ரயிலுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் நிதி தந்த அதே ஜைக்கா, அதாவது ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமை, கானாவிலும் இயங்குகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இந்தியாவுக்கு ஜைக்கா தருவது பெரும்பாலும் கடன்: மிகக் குறைந்த வட்டி, முப்பது நாற்பது ஆண்டுத் தவணை. கானாவுக்கோ கடந்த கால் நூற்றாண்டில் வந்தவற்றுள் பெரும்பகுதி கொடையும் தொழில்நுட்ப ஒத்துழைப்பும். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் 2001இல் எடுக்கப்பட்ட ஒரு கசப்பான முடிவு இருக்கிறது.

கடனும் தள்ளுபடியும்

1980களிலும் 1990களிலும் ஜப்பான் கானாவுக்குக் கணிசமாகக் கடன் தந்தது. 2001 ஜனவரியில் ஜான் குஃபுவோர் அதிபரானபோது, தனிநாடுகளுள் கானாவுக்கு அதிகக் கடன் கொடுத்திருந்த நாடு ஜப்பான்தான். கோகோவும் தங்கமும் விலை வீழ்ந்து, கச்சா எண்ணெய் விலை ஏறி, நாணயமான சேடி சரிந்து, அரசின் வருமானத்தில் பெரும்பங்கு கடன் அடைக்கவே போய்க்கொண்டிருந்தது. உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் 'கடும் கடன்சுமையுள்ள ஏழை நாடுகள்' என்ற திட்டத்தை அப்போது நடத்திவந்தன. அதில் சேர்ந்து, சொன்ன சீர்திருத்தங்களைச் செய்தால் கடனில் பெரும்பகுதி தள்ளுபடியாகும். சேருவதா வேண்டாமா என்று கானாவில் பெரும் விவாதம் நடந்தது. 'கடும் கடன்சுமை' என்ற பட்டப்பெயரே ஓர் இழுக்கு என்று பலர் கருதினார்கள். 2001 மார்ச்சில் அரசு சேர முடிவெடுத்தது.

ஜப்பானுக்கு இது பிடிக்கவில்லை. பழைய கடனை மன்னிக்கச் சொல்லும் நாட்டுக்குப் புதுக் கடன் கொடுக்க முடியாது என்பது அதன் உறுதியான நிலைப்பாடு. வங்கி நடத்துபவரின் கண்ணோட்டத்தில் அது நியாயமானதே. கானாவின் கடற்கரைப் பகுதியிலுள்ள யமொரன்சாவையும் உள்நாட்டில் கும்மாசி பக்கமுள்ள அன்வியான்குவான்டாவையும் இணைக்கும் சாலைக்காக ஒப்புக்கொண்டிருந்த ஜப்பானியக் கடன் அப்படியே நின்றுபோனது. கானா 2004 ஜூலையில் திட்டத்தின் நிறைவுக் கட்டத்தை அடைந்து தள்ளுபடி பெற்றது. பின்னர் அதே நெடுஞ்சாலையின் அசின் பிராசோ – பெக்வாய் பகுதி ஜப்பானியக் கொடையில் சீரமைக்கப்பட்டது. கடனாக வர வேண்டிய சாலை, பல ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு, ஒரு பகுதி மட்டும், இலவசமாக வந்தது. கானாவுக்கு இதில் இலாபமா நட்டமா என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. அந்தச் சாலையில் குழிகளுக்கு நடுவே கோகோ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போன லாரி ஓட்டுநருக்கு அந்த ஆண்டுகள் நீண்டவை. கடனாக வந்திருந்தால் அடைத்துக்கொண்டிருக்க வேண்டிய தவணைகளோ மிச்சமாயின.

2016இல் ஜப்பான் மீண்டும் கானாவுக்குக் கடன் கொடுக்க முன்வந்தது. தேமாவிலிருந்து வடக்கே புர்கினா பாசோ எல்லை நோக்கிச் செல்லும் கிழக்குப் பெருவழியில், வோலிவோ என்னுமிடத்தில் வோல்டா ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டுவது திட்டம். கடல் இல்லாத அண்டை நாடுகளின் சரக்கு தேமா துறைமுகத்தைத் தேடி வரும் வழியைக் குறைக்கும் பாலம் அது. ஆனால் 2022 டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பாலானவற்றுக்குத் தவணை கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கடன் கட்டாத நாட்டுக்குக் கடன் கொடுப்பவர் அடுத்த தவணைப் பணத்தை விடுவிப்பதில்லை. பாலத்தின் வேலை நின்றது. இலங்கை வாசகர்கள் இதே காட்சியைத் தங்கள் நாட்டில் பார்த்திருப்பார்கள்: 2022 ஏப்ரலில் இலங்கை கடன் தவணைகளை நிறுத்தியபின், ஜப்பானியக் கடனில் நடந்துவந்த கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கம் முடங்கியது, கடன் மறுசீரமைப்பு உடன்பாடு எட்டியபின் 2024 ஜூலையில்தான் ஜப்பான் தன் கடன் திட்டங்களைத் தொடர ஒப்புக்கொண்டது. கானாவும் 2023 மே மாதத்தில் பன்னாட்டு நிதியத்திடம் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்று, கடன் கொடுத்த அரசுகளின் குழுவோடு 2024 ஜூனில் புரிந்துணர்வுக்கு வந்தது. அந்தக் குழுவின் இணைத் தலைமையில் இருந்தவை சீனாவும் பிரான்ஸும். 2001இல் ஜப்பானின் முகச்சுளிப்பு பெரிய செய்தியாக இருந்தது. இருபது ஆண்டு கழித்து மேசையின் தலைமாட்டில் வேறு நாடுகள் அமர்ந்திருந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கடனில் கட்டும் பாலம், கடன் வாங்கிய நாட்டின் மொத்த நிதிநிலையோடு கட்டப்பட்டிருக்கிறது. பாலத்தில் எந்தத் தவறும் இல்லாவிட்டாலும், அரசு வேறெங்கோ செய்த செலவுக்காகப் பாலம் நிற்கும். கொடையில் நடக்கும் வேலைக்கு இந்த ஆபத்து குறைவு. தேமா சந்திப்பின் இரண்டாம் கட்டப் பணி கொடையில் நடந்ததால், நாடு கடன் நெருக்கடியில் சிக்கியிருந்த காலத்திலும் அது நகர்ந்தது.

சிறிய வேலைகள்

பாலமும் சந்திப்பும் திறப்புவிழாப் படங்களில் இடம்பெறும். தொழில்நுட்ப ஒத்துழைப்பு அப்படிப் படத்துக்குப் பொருந்துவதில்லை. 1977 முதல் ஜப்பானின் இளம் தொண்டர்கள் இரண்டாண்டுத் தவணையில் கானாவுக்கு வந்து, ஊர்ப்புறப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் கற்பிக்கிறார்கள். சுகாதார நிலையங்களில் வேலை செய்கிறார்கள். மேல் மேற்கு மண்டலம் கானாவின் மிக ஏழ்மையான பகுதிகளுள் ஒன்று. அங்கே, ஊருக்குள்ளேயே செவிலியரைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் கானாவின் சொந்தத் திட்டத்தை வலுப்படுத்த ஜைக்கா 2006 முதல் உழைத்தது. அத்திட்டம் கானாவின் வடக்கேயுள்ள நவ்ரோங்கோவில் கானாவின் ஆய்வாளர்கள் 1990களில் சோதித்துப் பார்த்து உருவாக்கியது. ஜப்பான் செய்தது அதன் மேற்பார்வை முறையையும் பயிற்சியையும் சீராக்கியது மட்டுமே. என் மதிப்பீட்டில், வெளிநாட்டு உதவிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது: உள்ளூரார் ஏற்கெனவே கண்டுபிடித்ததைத் தடையின்றி ஓடவிடுவது.

2018இல் கானா நாடு முழுவதற்கும் அறிமுகப்படுத்திய தாய்-சேய் நலக் கையேடும் இவ்வகையே. கருவுற்றதிலிருந்து குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரை எடை, தடுப்பூசி, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் பதிந்து தாயின் கையிலேயே வைத்திருக்கச் செய்வது ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய பழக்கம். கானாவில் முன்பு தாய்க்கு ஓர் அட்டையும் குழந்தைக்கு ஒன்றுமாகத் தனித்தனியே இருந்தன. ஒரு புத்தகத்தின் அச்சுச் செலவு ஒரு பாலத்தின் செலவோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அச்சிட யார் பணம் தருவது என்ற கேள்வி மட்டும் சிறியதன்று.

ஜப்பானுக்கு இதில் என்ன?

எந்த அரசும் வெறும் இரக்கத்தால் ஐம்பது ஆண்டுகள் செலவு செய்வதில்லை. ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்காவுக்கு 54 வாக்குகள் உள்ளன. பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் வேண்டும் என்பது ஜப்பானின் நெடுநாள் விருப்பம். 2005இல் ஜெர்மனி, இந்தியா, பிரேசிலுடன் சேர்ந்து அதற்கு முயன்றபோது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஆதரவு கிட்டாமல் முயற்சி படுத்தது. ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்கும் தடுப்பதிகாரத்துடன் (வீட்டோ) கூடிய நிரந்தர இடங்கள் வேண்டும் என்று உறுதியாக நின்றன. அதற்கு அடுத்த ஆண்டு, 2006 மே மாதத்தில், பிரதமர் ஜூனிசிரோ கொய்சுமி அக்ராவுக்கு வந்தார். நொகுச்சி வேலை செய்த கொர்லே பூ மருத்துவமனை வளாகத்துக்குப் போனார். ஆப்பிரிக்காவின் மருத்துவத்துக்கு உழைப்பவர்களுக்காக நொகுச்சி பெயரில் ஒரு பரிசை அறிவித்தார். 2023 மே மாதத்தில் பிரதமர் ஃபுமியோ கிஷிடா வந்தபோது, கானாவும் ஜப்பானும் பாதுகாப்பு அவையில் தற்காலிக உறுப்பினர்களாக அருகருகே இருந்தன. உக்ரைன் போர் உலகைப் பிளந்திருந்த அந்த நேரத்தில், அவையில் உடனிருந்த ஓர் ஆப்பிரிக்க நாட்டின் ஆதரவு ஜப்பானுக்கு முக்கியமாக இருந்தது. சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பான சாஹேல் பகுதிக்கும் கினி வளைகுடாப் பகுதிக்கும் மூன்றாண்டுகளில் 50 கோடி டாலர் அளவுக்கு உதவி என்ற அறிவிப்பும் அந்தப் பயணத்தில்தான் வந்தது.

இந்தத் தனிநாட்டு உறவுக்கு மேல் ஒரு பெரிய குடை உண்டு. ஆப்பிரிக்க வளர்ச்சிக்கான டோக்கியோ மாநாடு 1993இல் தொடங்கியது. பனிப்போர் முடிந்து, மேலை நாடுகளின் கவனம் கிழக்கு ஐரோப்பா பக்கம் திரும்பி, ஆப்பிரிக்கா கைவிடப்பட்டதாக உணர்ந்த காலம் அது. முதலில் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் 2013க்குப் பின் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் கூடுகிறது. 2016இல் நைரோபியில் கூடியபோது முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணில் நடந்தது. சீனா இதே வகை மாநாட்டை 2000இல் தொடங்கித் தொகையில் ஜப்பானை எங்கோ விட்டுச் சென்றுவிட்டது. கானாவின் புயி அணையைச் சீன நிறுவனம் சீனக் கடனில் கட்டியது. அக்ராவின் அதிபர் மாளிகை இந்தியக் கடனுதவியில் எழுந்தது. அமெரிக்காவும் பெரிய சாலைகளுக்குக் கொடை தந்திருக்கிறது. கானா இவர்கள் எல்லோரோடும் ஒரே நேரத்தில் பேசுகிறது. வாங்கும் நாட்டை வாய்மூடிக் கைநீட்டும் நாடாகக் கற்பனை செய்துகொண்டால் இந்தப் பேரம் புரியாமல் போய்விடும்.

வணிகத்தில் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஜப்பான் இறக்குமதி செய்யும் கோகோ விதையின் மிகப் பெரும்பகுதி கானாவிலிருந்தே வருகிறது. 1964 முதல் ஜப்பானில் 'கானா' என்ற பெயரிலேயே ஒரு சாக்லேட் விற்கப்படுகிறது. பல ஜப்பானியக் குழந்தைகளுக்கு நாடு தெரியும் முன்பே சாக்லேட் தெரியும். ஆனால் விதை கானாவிலிருந்து போகிறது, சாக்லேட் ஜப்பானில் தயாராகிறது. விலையின் பெரும்பங்கு தங்குவது சாக்லேட் தயாராகும் இடத்தில். 2006இல் ஜப்பான் உணவுப்பொருள்களில் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கான வரம்புகளை மிகக் கடுமையாக்கியபோது, எந்த மருந்தை எப்போது தெளிப்பது என்பதைக் கானாவின் கோகோ வாரியம் தன் உழவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதாயிற்று. ஓர் இறக்குமதி விதி, ஓர் உதவித் திட்டத்தைவிட வேகமாக உழவரின் தோட்டத்துக்குள் நுழைந்துவிடும். கானாவும் ஐவரி கோஸ்ட்டும் சேர்ந்து டன்னுக்கு 400 டாலர் கூடுதல் விலை கேட்டதும், 2021இல் தேமாவில் டொயோட்டா வாகனங்களைப் பொருத்தும் ஆலை திறக்கப்பட்டதும் இந்தப் பழைய அமைப்பை மாற்றும் முயற்சிகளே. 'மூலப்பொருள் எங்களுடையது, தயாரிப்பு உங்களுடையது' என்ற பங்கீடு தொடரும்வரை கொடைகள் எவ்வளவு வந்தாலும் உறவு ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும் என்பது கானாவின் பொருளாதார அறிஞர்கள் பலரும் நெடுங்காலமாகச் சொல்லிவருவது.

2020 மார்ச் 12 அன்று கானா தன் முதல் இரண்டு கொரோனா நோயாளிகளை அறிவித்தது. அந்த மாதிரிகளைப் பரிசோதித்தது லெகோனிலுள்ள நொகுச்சி நிறுவனம். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜப்பானியக் கொடையில் அங்கே தொற்றுநோய்களுக்கான புதிய ஆய்வுக்கூடம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. தொற்றின் தொடக்க மாதங்களில் நாட்டின் பரிசோதனைகளில் பெரும்பகுதி அந்த வளாகத்துக்கே வந்து குவிந்தது; பணியாளர்கள் இரவு பகலாக முறை வைத்து வேலை பார்த்தார்கள். பல மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதித்து, தொற்று தென்பட்டால் மட்டும் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் முறையையும் அங்கே கையாண்டார்கள். அப்போது விமானங்கள் நின்றிருந்தன. ஜப்பானிலிருந்து நிபுணர் யாரும் வந்து இறங்கும் நிலை இல்லை. கருவிகளின் மேல் ஜப்பானியக் கொடிச் சின்னம் ஒட்டியிருந்தது; அவற்றை இயக்கியவர்கள் கானாவின் ஆய்வாளர்கள்.